இரண்டு வைடு

பெங்களூரு
செப்டம்பர் 3

அன்பு அக்காவுக்கு,

ராணி எழுதுகிறேன். நான் சுகம். நீ, மச்சான், குட்டி மகிமா எல்லாரும் சுகமா? பண்ணைப்புரத்தில் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? எண்ணெய் தேய்க்கிறாளா, இல்லை பாட்டிலை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாளா?

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் உன் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் சுற்றி நிற்பதால் எதையும் பேச முடியவில்லை. ஹாஸ்டலில் போன் இல்லாத நான்கு வருடமும் உனக்குக் கடிதம் எழுதியே பழகிவிட்டேன். மனதில் கிடப்பதைச் சொல்ல இப்போதும் எனக்குக் காகிதம்தான் வேண்டியிருக்கிறது.

வலது தோளின் பின்பக்கம் ஒரு வலி. இரண்டு மாதமாக இருக்கிறது. பந்தை விடும் நேரத்தில் மணிக்கட்டு பந்துக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும். வலிக்குப் பயந்து கை தானாகச் சாய்கிறது. சாய்ந்தால் பந்து வளையாமல் நேராகப் போகிறது. வெளியே போவது போல் போய்க் கடைசியில் உள்ளே திரும்பும் அந்த ஒரு பந்துக்காகத்தான் என்னை இந்திய கிரிக்கெட் அணியில் வைத்திருக்கிறார்கள். அது இல்லையென்றால் என்னைப் போல் பத்துப் பேர் வெளியே காத்திருக்கிறார்கள். தினமும் காலையில் கண் விழித்ததும் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

அடுத்த மாதம் வதோதராவில் ஒருநாள் ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் நான் உண்டு. இரண்டாவதில் உட்கார வைக்கப் போகிறார்கள். நடுவில் ஒரே நாள்தான் ஓய்வு, தோள் தாங்காது. இது கேப்டனுக்கும் பயிற்சியாளருக்கும் பிசியோவுக்கும் மட்டும் தெரியும். வெளியே சொல்லக் கூடாது. உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மாவிடம் சொல்லிவிடாதே. வேண்டுதல் என்று சுருளி கோவிலுக்கு நடக்க ஆரம்பித்துவிடுவாள்.

மகிமாவுக்கு முத்தங்கள்.

உன்
ராணி


பழனிசெட்டிபட்டி
செப்டம்பர் 11

என் ராணிக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே எல்லாரும் நலம். அம்மா எண்ணெய் தேய்ப்பதில்லை. நீ சொன்னதுதான் சரி. மகிமாவுக்கு முன்பல் ஒன்று விழுந்தது. காற்று இன்னும் அடங்கவில்லை. மாடியில் காயப்போட்ட துணி நாலு வீடு தாண்டிப் போய்க் கிடக்கிறது.

உன் கடிதத்தை வழக்கம் போல் மச்சான்தான் முதலில் பிரித்துப் படித்தார். வாசலிலேயே நின்று படித்தார். பிறகு என்னிடம் கொடுத்து, "ரெண்டாவது மேட்ச்சுதான ஆடாதுன்னு எழுதியிருக்கு?" என்று கேட்டார். சாப்பிடும்போது மறுபடியும் கேட்டார். உன் தோளை நினைத்துக் கவலைப்படுகிறார் போல. வீரபாண்டி கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

நீ பயப்படாதே. அப்பா இறந்த வருடம் உன்னை மதுரைக்கு அணித் தேர்வுக்குக் கூட்டிப்போக ஆளில்லாமல் இருந்ததே, நினைவிருக்கிறதா? பொட்டப்புள்ளைக்கு இது எதற்கு என்று அய்யாத்துரை சித்தப்பா வாசலில் நின்று சத்தம் போட்டார். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. புது மாப்பிள்ளையான மச்சான் சித்தப்பாவிடம் போய், "அந்தப் புள்ள போடுற பந்த ஒருக்கா நின்னு பாத்துட்டுப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு, உன்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். அன்றைக்கு இல்லாத பயம் இப்போது எதற்கு?

வாழைக்காய் மண்டியில் வியாபாரம் பரவாயில்லை என்கிறார் மச்சான். புதுப்புது ஆட்கள் வந்து போகிறார்கள். போன் வந்தால் வெளியே எழுந்து போய்ப் பேசுகிறார். சாப்பாட்டில் மட்டும் மனசில்லை. வேறு ஒன்றும் இல்லை.

நேரத்துக்குத் தூங்கு. ஐஸ் வை.

உன் அக்கா
மாரீஸ்வரி


வதோதரா
அக்டோபர் 8

அன்பு அக்காவுக்கு,

நலம்தானே? முதல் ஆட்டத்தை டிவியில் பார்த்திருப்பாய். மூன்று விக்கெட். ஊரெல்லாம் பேசியதாக மச்சான் போனில் சொன்னார். இரண்டாவது ஆட்டத்தில் நான் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

அணியோடு ஊழல் தடுப்பு அதிகாரி ஒருவர் வருவார். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். நேற்று எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். நான் ஆடமாட்டேன் என்பது ஆட்டத்துக்கு முந்தின நாளே சூதாடுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதை வைத்துப் பெரிய அளவில் பந்தயம் நடந்திருக்கிறது. "யாரிடமாவது சொன்னாயா?" என்று கேட்டார். யாரிடமும் சொல்லவில்லை என்றேன். குரல் நடுங்காமல் சொன்னேன். அறைக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் உனக்கு எழுதிய கடிதம் நினைவுக்கு வந்தது.

இல்லை, அப்படி எழுதினால் பொய். அவர் கேட்டபோதே நினைவுக்கு வந்தது. சொந்த அக்காவிடம் சொன்னதெல்லாம் ஒரு கணக்கா என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். விதிப்புத்தகத்தைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். குடும்பம் என்றாலும் குற்றம்தான் என்று போட்டிருக்கிறது.

நீ யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாய். எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு வரி எழுது. அப்போதுதான் எனக்குத் தூக்கம் வரும். மச்சானிடம் இதைப் பெரிதாகச் சொல்லாதே, வீணாகக் கவலைப்படுவார்.

உன்
ராணி


பெங்களூரு
அக்டோபர் 26

அக்கா,

எல்லாரும் சுகமா? பதினெட்டு நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இரண்டு ஞாயிறும் போனை மச்சான்தான் எடுத்தார். ஒரு தடவை நீ பண்ணைப்புரம் போயிருப்பதாகச் சொன்னார். இன்னொரு தடவை காய்ச்சலில் படுத்திருப்பதாகச் சொன்னார். அம்மாவுக்குப் போன் போட்டால் நீ அங்கே வரவே இல்லை என்கிறாள்.

காய்ச்சல் என்றால் எத்தனை நாள்? டாக்டரிடம் போனாயா? இல்லை, என் மேல் கோபமா?

தோள் இப்போது பரவாயில்லை. பந்துதான் வளையவில்லை. வலி குறைந்தும் ஏன் வளையவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. ஓடி வரும்போது உன் நினைப்பு வந்து விடுகிறது.

எழுது அக்கா.

ராணி


பழனிசெட்டிபட்டி
அக்டோபர் 31

அன்புள்ள தங்கை யுவராணிக்கு,

அக்கா மாரீஸ்வரி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அதுபோல் உன் நலம் அறிய ஆவல்.

உன் கடிதங்கள் கிடைத்தன. வேலை அதிகமாக இருந்ததால் பதில் எழுதவில்லை. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. குடும்பத்துக்குள் எழுதும் கடிதம் குடும்ப விஷயம். அதை எந்த அதிகாரியிடமும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. என் கடிதங்களை நீ கிழித்துப் போட்டுவிடவும். உன் கடிதங்களை நானும் கிழித்துவிடுகிறேன்.

உன் கை இப்போது எப்படி இருக்கிறது? டிசம்பரில் வெளிநாட்டுப் பயணத்தில் நீ எல்லா ஆட்டமும் ஆடுவாயா? முதல் ஓவரை நீதான் போடுவாயா? விவரமாக உடனே எழுதவும்.

உன் மச்சான் வேல்பாண்டி உன்னை மிகவும் கேட்டதாகச் சொன்னார்.

இப்படிக்கு,
மாரீஸ்வரி


பெங்களூரு
நவம்பர் 5

அக்கா,

இதை அல்லிநகரத்தில் உன் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்புகிறேன். டீச்சர் கையில் நேராகக் கொடுக்கவும் என்று உறையின் மேல் எழுதியிருக்கிறேன்.

வந்த கடிதம் உன் கையெழுத்துதான். ஆனால் அதை நீ எழுதவில்லை. நீ என்னை அடித்த அன்றுகூட யுவராணி என்று கூப்பிட்டதில்லை. மகிமாவைப் பற்றி ஒரு சொல் இல்லாமல் நீ கடிதம் எழுதியதே கிடையாது. முதல் ஓவரை யார் போடுவார் என்று உனக்கு எதற்கு? எத்தனை பந்து சேர்ந்தால் ஒரு ஓவர் என்று போன வருடம் வரைக்கும் என்னிடம் கேட்டவள் நீ.

உன் பக்கத்தில் நின்று யார் சொல்லச் சொல்ல எழுதினாய்? எனக்குத் தெரிந்த ஒரே பெயரை எழுதக் கை வரவில்லை.

24ஆம் தேதி அந்த அதிகாரி மறுபடி வருகிறார். வெளிநாடு கிளம்புவதற்கு முன்னால் எல்லாரும் எதையும் வெளியே சொல்லவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். வாயால் சொன்ன பொய்யைக் கையாலும் எழுத வேண்டும்.

என்ன நடந்தாலும் உள்ளதைச் சொல்.

ராணி


அல்லிநகரம்
நவம்பர் 10

என் ராணிக்கு,

நீ நல்லபடியாக இருக்க வேண்டும். மகிமா நலம், பல் முளைத்துவிட்டது. வகுப்பில் பிள்ளைகள் படம் வரைந்துகொண்டிருக்கிறார்கள். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும்.

நீ நினைத்தது சரிதான். பக்கத்தில் நின்று சொன்னவர் உன் மச்சான். பதினெட்டு நாள் நான் ஏன் எழுதவில்லை தெரியுமா? யாருக்கும் தெரியாது என்று எழுதினால் பொய். அவர்தான் சொன்னார் என்று எழுதினால் நீ என்ன செய்வாய் என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் எழுதுவதற்கு எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

வதோதராவிலிருந்து நீ எழுதியதைப் படித்ததும் அவர் முகம் செத்துப்போனது. நான் கேட்டேன். மூன்று நாள் இல்லை என்றார். நாலாம் நாள் சொன்னார். முதலில் அது பெருமைதான் ராணி. மண்டியில் டீ குடிக்கும்போது, எங்கள் வீட்டுப் பிள்ளை இரண்டாவது ஆட்டத்தில் ஆடாது, அது எங்களுக்கு இப்போதே தெரியும் என்று சொல்லியிருக்கிறார். காய் வாங்க வந்துபோகும் ஓர் ஆள் அதைக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறான். ஆட்டம் முடிந்த மறுநாள் அவன் வந்து கை நிறையப் பணம் கொடுத்திருக்கிறான். அது என்ன பணம் என்று அப்போதும் அவருக்குத் தெரியாது என்று நான் எழுதமாட்டேன். தெரிந்துதான் வாங்கியிருக்கிறார்.

இப்போது அவனுக்கு இன்னொன்று வேண்டும். வெளிநாட்டில் நீ போடும் முதல் ஓவரில் இரண்டு வைடு, மட்டைக்கு எட்டாமல் தள்ளிப் போகும் பந்து. அதை நான் உன்னிடம் சொல்ல வேண்டுமாம். "ரெண்டே ரெண்டு பந்து. மேட்ச்சு தோக்கப் போறதில்ல. ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். அவள் அப்படிச் செய்யமாட்டாள் என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நாந்தான அந்தப் புள்ளய வெளிய கூட்டிட்டுப் போனேன். அப்ப ஒங்க வீட்ல ஒரு ஆள் வந்தாகளா? அதுல எனக்கு ஒண்ணும் கெடையாதா?"

சொல்லிவிட்டு அவரே அழுதார். வாங்கிய பிறகு முடியாது என்றால் அவர்கள் விடமாட்டார்கள் என்றார். மகிமா எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்று அந்த ஆள் சும்மா கேட்பது போல் கேட்டானாம். இரண்டு நாளாக இங்கே பள்ளிக்கூட வாசலில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. யாராவது பெற்றோராக இருக்கும்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சொல்லக் கூடாது என்று நினைக்கிறேன். மணி அடித்துவிட்டது.

அக்கா


பெங்களூரு
நவம்பர் 15

அக்கா,

நீயும் மகிமாவும் பத்திரமாக இருக்கிறீர்களா? அந்தக் கார் இன்னும் நிற்கிறதா? முதலில் அதை எழுது. மகிமாவைக் கூட்டிக்கொண்டு பண்ணைப்புரம் போய்விடு. யாராவது கேட்டால், அம்மாவுக்குக் கால் வலி, ஒத்தாசைக்கு வந்தேன் என்று சொல்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. மதுரைக்குப் போன அன்று உசிலம்பட்டி தாண்டியதும் மழை பிடித்தது. அவர் மழைக்கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு நனைந்தபடியே ஓட்டினார். மைதானத்தில் என் பெயரைக் கூப்பிடவில்லை என்று நாற்காலியில் இருந்தவரிடம் நாலு தடவை போய்ச் சண்டை போட்டார். அவர் இல்லையென்றால் நான் இல்லை. அந்த மனிதரைக் கொண்டுபோய் நான் எப்படிக் காட்டிக் கொடுப்பேன்?

ஒரு வழி யோசித்திருக்கிறேன். தோள் தாங்கவில்லை என்று சொல்லி இந்தப் பயணத்திலிருந்து விலகிவிடுகிறேன். நம்புவார்கள். ஸ்கேனில்கூட ஏதோ தெரிகிறது. நான் ஆடவில்லை என்றால் ஓவரும் இல்லை, வைடும் இல்லை. அந்த ஆளுக்கு மச்சான் தேவைப்படமாட்டார். ஒரு வருடம் கழித்து எல்லாரும் மறந்துவிடுவார்கள். என்னையும் மறந்துவிடலாம். எனக்கு இருபத்துமூன்று வயதுதான், வேறு வேலை கிடைக்காமலா போகும்?

நேற்று வலைப்பயிற்சியில் ஆறு ஓவர் போட்டேன். ஒரு பந்துகூட வளையவில்லை. எப்படியும் என்னை அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று தோன்றுகிறது.

23ஆம் தேதிக்குள் உன் பதில் வரவில்லையென்றால் உனக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ராணி


பண்ணைப்புரம்
நவம்பர் 19

ராணி,

விலகாதே. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நானும் மகிமாவும் அம்மாவிடம் வந்துவிட்டோம். நலமாக இருக்கிறோம்.

நேற்று காலையில் அவருக்கு இட்லி எடுத்து வைத்துவிட்டுச் சொன்னேன். "நான் தேனிக்குப் போயி போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன். நீங்களும் வாங்க. ரெண்டு பேருமாப் போயிச் சொல்லிருவோம்."

"என்னய உள்ள வைக்கணுமா ஒனக்கு?" என்றார்.

"அவ கையால வைடு போட வைக்கிறதுக்குப் பதிலா, நீங்க உள்ள இருக்கலாம்."

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான்கு இட்லியும் சாப்பிட்டார். கை கழுவினார். மண்டிக்குப் போவது போல் போனார். இதுவரை திரும்பவில்லை. போன் அணைத்துக் கிடக்கிறது.

நான் உன் கடிதங்களை எடுத்துக்கொண்டு அம்மாவோடு எஸ்.பி. அலுவலகத்துக்குப் போனேன். கிழித்துவிடுவேன் என்று எழுதினேனே, ஒன்றையும் கிழிக்கவில்லை. ஒரு பெண் இன்ஸ்பெக்டர் உட்கார வைத்துக் கேட்டார். மண்டியில் நடந்தது, அந்த ஆள், கார் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். மச்சான் சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதத்தைப் பற்றியும் எழுதினேன். எழுதி முடிக்கும்வரை அம்மா காகிதத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மச்சானைக் காட்டிக் கொடுத்தது நான். நீ இல்லை. அந்தப் பாரம் உனக்கு வேண்டாம். ஆனால் அதிகாரியிடம் நீ சொன்ன பொய் உன்னுடையது. அதை நான் போய்த் திருத்த முடியாது. 24ஆம் தேதி நீயே சொல்.

அக்கா


பெங்களூரு
டிசம்பர் 12

அன்பு அக்காவுக்கு,

அம்மாவும் மகிமாவும் எப்படி இருக்கிறார்கள்? மச்சானைப் பற்றி ஏதாவது தெரிந்ததா? இந்த இரண்டையும் போனில் கேட்கலாம். கேட்டால் அழுதுவிடுவேன்.

24ஆம் தேதி அந்த அதிகாரி காகிதத்தை நீட்டினார். கையெழுத்துப் போடாமல், போன முறை பொய் சொன்னேன் என்றேன். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். இரண்டு வைடு கேட்டதைச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "உன் அக்காவின் வாக்குமூலம் நேற்றே என் மேசைக்கு வந்துவிட்டது. நீயாகச் சொல்கிறாயா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

நேற்று விசாரணை முடிந்தது. ஆறு மாதத் தடை. நானே ஒப்புக்கொண்டதால் ஆறு மாதம், இல்லையென்றால் வருடக்கணக்காம். எந்த மைதானத்திலும் கால் வைக்கக் கூடாது. பத்திரிகையில் தகவலைக் கசியவிட்ட வீராங்கனை என்று போட்டிருந்தார்கள். அவர்கள் எழுதியதில் தப்பில்லை. ஆனால் பெட்டியில் இருந்த இந்திய உடுப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, அதை வாங்கிய பையன் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கினான்.

ஊருக்கு வருகிறேன். ஆறு மாதமும் அங்கேதான். கடிதம் எழுத வேண்டிய அவசியம் இருக்காது.

உன்
ராணி


பெங்களூரு
ஜூன் 20

அன்பு அக்காவுக்கு,

வந்து சேர்ந்தேன். நலம். அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கு முதல் நாளே தீர்ந்துவிட்டது. எண்ணெய் தேய்க்கச் சொல். மகிமா நான் போன பிறகு அழுதாளா?

ஆறு மாதம் ஒரே வீட்டில் இருந்தும் நாம் மச்சானைப் பற்றிப் பேசவே இல்லை. பொங்கலுக்கு முன்னால் அவராகவே போய்ச் சரணடைந்ததையும், அந்த ஆளைப் பிடித்ததையும், ஜாமீனில் வந்ததையும் அய்யாத்துரை சித்தப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஞாயிறுதோறும் மகிமாவைப் பார்க்க அவர் வந்து வாசலில் நிற்பார். நான் உள்ளறைக்குப் போய்விடுவேன். ஒரு தடவை சன்னல் வழியாகப் பார்த்தேன். ரொம்ப இளைத்திருந்தார்.

அணியைப் பற்றி எதுவும் எழுதமாட்டேன். இந்தத் தடவை விதிப்புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டேன். என் பயத்தைப் பற்றி எழுதத் தடை ஒன்றும் இல்லை.

எனக்கு வைடு பயம் வந்துவிட்டது அக்கா. வளையும் பந்து போடுகிறவள் வைடு போடாமல் இருக்க முடியாது. காற்றைக் கொஞ்சம் தப்பாகக் கணித்தால் பந்து காலுக்கு வெளியே ஓடிவிடும். முன்பெல்லாம் அப்படிப் போனால் சந்தோஷப்படுவேன், பந்து பேசுகிறது என்று. இப்போது ஒரு பந்து கோட்டைத் தாண்டினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அந்த நினைப்பிலேயே எல்லாப் பந்தையும் நேராகப் போடுகிறேன். நேராகப் போட்டால் நான் எதற்கு?

நீ பதில் எழுதும்போது நான் எங்கே இருப்பேன் என்று தெரியாது. இந்த முகவரிக்கே எழுது, கொடுத்துவிடுவார்கள்.

ராணி


பண்ணைப்புரம்
ஜூலை 7

என் ராணிக்கு,

அக்காவின் ஆசிகள். எல்லாரும் நலம். மகிமா அழவில்லை, உன் போர்வையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். காற்றுக்காலம் தொடங்கிவிட்டது. திராட்சைப் பந்தலில் இரண்டு கால் சாய்ந்து, நேற்று ஆள் வைத்து நிறுத்தினோம்.

ஞாயிற்றுக்கிழமை, நீ மறுபடி இந்தியாவுக்காக வெளிநாட்டில் ஆடிய ஆட்டத்தை டிவியில் பார்த்தோம். அவர் மகிமாவைப் பார்க்க வந்த நேரம். எப்போதும் போல் வாசலில் நின்றார். அம்மாதான், "வெயில்ல எதுக்கு நிக்கிறீக? உள்ள வந்து ஒக்காருங்க" என்றாள். கதவோரமாகத் தரையில் உட்கார்ந்தார். சித்தப்பாவும் இருந்தார்.

நீ ஓடி வந்தாய். முதல் பந்து காலுக்கு வெளியே போனது. நடுவர் இரண்டு கைகளையும் விரித்தார். சித்தப்பா அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் குனிந்துகொண்டார். அடுத்த பந்தும் வைடு. முதல் ஓவரில் இரண்டு வைடு. ராணி, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நானே உன்னைச் சந்தேகப்பட்டேன். அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது. மன்னித்துவிடு.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னத்துக்கு எல்லாரும் எழவு வீடு மாதிரி ஒக்காந்திருக்கீக?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அவர் தலையைத் தூக்கினார். டிவியை மட்டும் பார்த்தபடி சொன்னார். "கையி நிமிந்திருச்சு. பந்து நல்லா வளையுது, அதான் கட்டுக்குள்ள நிக்கல. அம்புட்டுத்தான். அடுத்தத வெளிய ஆரம்பிக்கும், பாருங்க."

நீ அடுத்ததை வெளியேதான் ஆரம்பித்தாய். அது உள்ளே திரும்பி மட்டைக்கும் காலுக்கும் நடுவில் புகுந்து ஸ்டம்புக்கு மேலே போனது. விக்கெட் விழவில்லை. விழுந்திருந்தால்கூட அந்த வீட்டில் யாரும் கைதட்டியிருக்க மாட்டோம். மூச்சு விட்டோம், அவ்வளவுதான்.

ஓவர் முடிவதற்குள் அவர் எழுந்துவிட்டார். நான் வாசல் வரைக்கும் போனேன். அந்த வைடுக்காக உன்னை யாராவது கேட்பார்களோ என்று என்னிடம் கேட்டார். கேட்டால் அவள் பதில் சொல்லிக்கொள்வாள் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு, "நான் பாத்தேன்னு கடுதாசில எழுத வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுதிவிட்டேன். எழுதாமல் விட்டதெல்லாம் போதும்.

அங்கே என்ன சாப்பாடு கொடுக்கிறார்கள், குளிர் எப்படி, பக்கத்து அறையில் யார் என்று எழுது. தோளைப் பற்றி எழுதாதே. நானும் கேட்கவில்லை.

உன் அக்கா
மாரீஸ்வரி